பாதிக் கோப்பை அழிக்காதீர்கள்: டபிள்யூகெட் தகராறு கொடுக்கும்போது

வெள்ளவத்தையில் நான் படிப்பிக்கும் கணினி வகுப்பில் மாதம் இரண்டு தடவையாவது யாராவது ஒரு பிள்ளை இப்படி வந்து நிற்கும்: "அண்ணா, முக்கால்வாசி இறங்கிட்டுது, பிறகு நின்டுட்டுது. அதை அழிச்சுப்போட்டு திருப்பிப் போட்டனான்." அந்த "அழிச்சுப்போட்டு" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். இங்கே டேட்டாவை ஜிபி கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். இறங்கிய இரண்டு ஜிபியை அழிப்பது ரீலோட் போட்ட காசை அழிப்பதுதான். பெரும்பாலான நேரம் அந்தப் பாதிக் கோப்பில் ஒரு குறையும் இருக்காது. மீதியைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும். அதற்கு நாங்கள் பாவிப்பது டபிள்யூகெட், கோப்பின் முகவரியைக் கொடுத்தால் அதை இறக்கித் தரும் ஒரு கட்டளை.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். "முகவரி" என்று இருக்கும் இடத்தில் உங்கள் கோப்பின் இணைப்பைப் போடுங்கள். கோடுகள், மேற்கோள் குறிகள், எண்கள் எல்லாம் அப்படியே. பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் பெரிய எழுத்து என்று சொல்வேன், மற்றதெல்லாம் சிறிய எழுத்து.

எந்தப் பிழை வந்தாலும் வேறு எதையும் அடிப்பதற்கு முன் இந்த ஒரு வரியை அடியுங்கள்:

எக்கோ $?

கடைசிக் கட்டளை எப்படி முடிந்தது என்பதற்கு ஒரு எண் வரும். 0 என்றால் டபிள்யூகெட் தன் அளவில் வேலையை முடித்துவிட்டது. 3 என்றால் உங்கள் பக்கத்தில், வட்டில் எழுதுவதில் சிக்கல். 4 என்றால் இணைப்பு. 5 என்றால் தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ். 6 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 8 என்றால் எதிர்ப்பக்கத்துச் சர்வரே முடியாது என்று பதில் சொல்லிவிட்டது. இந்த எண் தெரிந்தால் கீழே எந்தப் பகுதியை வாசிப்பது என்பது தெரிந்துவிடும். ரௌட்டரை அணைத்துப் போடுவது 4-க்கு உதவலாம், 3-க்கும் 8-க்கும் அது எதுவும் செய்யாது.

பாதியில் நின்றது, திருப்பிப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கும், ஒன்றின் வாலில் ".1" என்று ஒட்டியிருக்கும். டபிள்யூகெட் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதாது, புதிய பெயரில் பூச்சியத்திலிருந்து தொடங்கும். உங்கள் பழைய இரண்டு ஜிபி பத்திரமாகத்தான் இருக்கிறது. ஓடுவதை கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்துங்கள். ".1" உள்ள சின்னக் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு, பழைய கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் நின்று இப்படி அடியுங்கள்:

டபிள்யூகெட் -சி "முகவரி"

அந்த "சி" என்பது தொடர் என்று பொருள்படும் கன்டினியூவின் முதல் எழுத்து. டபிள்யூகெட் உங்களிடம் எத்தனை பைட் இருக்கிறது என்று எண்ணி, "இதற்குப் பிறகு உள்ளதைக் கொடு" என்று சர்வரைக் கேட்கும். சர்வர் 206 என்று பதில் சொன்னால் மீதி மட்டும் வரும். "கோப்பு முழுமையாக இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை" என்ற பொருளில் ஒரு வரியோ 416 என்ற எண்ணோ வந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லாம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, எல்லாச் சர்வரும் இடையிலிருந்து கொடுக்காது. அப்படிப்பட்ட இடத்தில் -சி போட்டால், பதிப்பைப் பொறுத்து, டபிள்யூகெட் மறுத்து நிற்கலாம், அல்லது முதலிலிருந்து ஆரம்பித்துப் பழையதன் மேல் எழுதலாம். பெரிய கோப்பு என்றால் இறக்கத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவேன்:

டபிள்யூகெட் --ஸ்பைடர் -எஸ் "முகவரி"

இந்த எஸ் பெரிய எழுத்து. கோப்பு இறங்காது, சர்வரின் பதில் வரிகள் மட்டும் வரும். அதில் "அக்செப்ட்-ரேஞ்சஸ்: பைட்ஸ்" என்று இருந்தால் இடையிலிருந்து தொடரலாம் என்று நம்பலாம்.

இரண்டாவது, பெரிய ஓ. கோப்புக்கு நீங்களே பெயர் வைக்க -ஓ என்று பெரிய எழுத்தில் போடுவோம். -சி இல்லாமல் அதைப் போட்டால், அந்தப் பெயரில் உள்ள பழைய கோப்பை டபிள்யூகெட் முதலில் வெறுமையாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். இந்த ஒரு எழுத்தால் இரவு முழுக்க இறக்கியதை இழந்த பிள்ளையின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. -சி சேர்த்துப் போட்டால் பயமில்லை.

மூன்றாவது, -சி உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, நீளத்தை மட்டும்தான் பார்க்கும். நேற்று பாதி இறக்கிய கோப்பை அங்கே இன்று புதிய பதிப்பாக மாற்றியிருந்தால், பழையதன் தலையோடு புதியதன் வால் ஒட்டும். அளவு சரியாக இருக்கும், கோப்பு திறக்காது. நாளுக்கு நாள் மாறும் கோப்புகளுக்கு, பெயரில் "லேட்டஸ்ட்" என்று இருப்பவற்றுக்கு முக்கியமாக, -சி-யை நம்ப வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவின் டம்ப் (முழு உள்ளடக்கத்தின் பிரதி) வேண்டுமென்றால் திகதி போட்ட கோப்பையே தேர்ந்தெடுங்கள்.

பிழையும் இல்லை, அசைவும் இல்லை

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரௌட்டர் செத்துவிடும். கரண்ட் திரும்பி வந்து, வைஃபையும் வந்து, உலாவியில் பக்கங்கள் எல்லாம் திறக்கும். டபிள்யூகெட் மட்டும் பழைய சதவீதத்திலேயே சிலையாக நிற்கும். நானும் அப்போது அது உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அது காத்திருக்கிறது. இறந்துபோன பழைய இணைப்பில் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். இயல்பாக அந்தப் பொறுமை 900 விநாடி, அதாவது கால் மணித்தியாலம். அதன் பிறகு தானாகவே மறுபடி இணைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி மொத்தம் 20 தடவை முயலும். ஆனால் இன்னொரு சிக்கல் உண்டு. மறுபடி இணைக்கும் அந்த நேரம் பார்த்து ரௌட்டர் இன்னும் எழும்பவில்லை என்றால், முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி முற்றாக விட்டுவிடும். அந்தப் பிழையை அது திரும்ப முயலத் தேவையில்லாத ஒன்றாக எண்ணுகிறது. இணைப்பு மறுக்கப்பட்டாலும் அப்படித்தான். நம் ஊர் இணைப்புக்கு நான் எப்போதும் போடும் கட்டளை இது, ஒரே வரியில் அடியுங்கள்:

டபிள்யூகெட் -சி --டைம்அவுட்=30 --ட்ரைஸ்=0 --ரிட்ரை-கன்ரெஃப்யூஸ்ட் --ரிட்ரை-ஆன்-ஹோஸ்ட்-எரர் "முகவரி"

30 விநாடி ஒன்றும் வரவில்லை என்றால் விட்டுவிட்டுத் திரும்பக் கேள், எத்தனை தடவை என்றாலும் கேள், முகவரி கிடைக்காவிட்டாலும் கேள் என்பதுதான் இதன் பொருள். கடைசித் தெரிவு மிகப் பழைய பதிப்புகளில் இருக்காது. தெரியாத தெரிவு என்று சொன்னால் அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். டபிள்யூகெட்டை குரோஷியாவைச் சேர்ந்த ஹர்வோயே நிக்ஷிச் 1996-இல் வெளியிட்டார். மெதுவான, அறுந்து அறுந்து வரும் இணைப்புகளைத் தாங்குவது அதன் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. அதற்கு உரிய தெரிவுகளைக் கொடுத்தால் அந்தப் பொறுமையை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொரு வகை அசையாமை இருக்கிறது. தொடக்கத்திலேயே "கனெக்டிங் டு" என்ற வரியில், முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான முகவரி ஒன்றின் முன்னால் நின்றுவிடும். அது ஐபிவி6 முகவரி. ரௌட்டர் அதைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு ஒழுங்காகக் கொண்டுபோகாவிட்டால் இப்படி நடக்கும். -4 என்று சேர்த்துப் பாருங்கள். உடனே ஓடினால் காரணம் அதுதான்.

அடித்தவுடன் சதுர அடைப்புக்குள் ஒரு எண் வருகிறது

[1] என்றும் அதன் பக்கத்தில் நாலைந்து இலக்க எண் ஒன்றும் வந்து, கட்டளை வரி உங்களிடமே திரும்பிவிட்டதா? முகவரியின் நடுவில் "&" இருக்கிறது, நீங்கள் அதை மேற்கோள் குறிக்குள் போடவில்லை. நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு "&" என்றால் "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு" என்று அர்த்தம். டபிள்யூகெட்டுக்குப் போனது பாதி முகவரிதான், ஆகவே வந்ததும் வேறு எதோ. மேக் கணினியின் இசட்-ஷெல்லில் "?" இருந்தாலே "நோ மேட்சஸ் ஃபவுண்ட்" என்று நின்றுவிடும். மேலே எல்லாக் கட்டளையிலும் முகவரியை மேற்கோளுக்குள் வைத்தது இதற்காகத்தான். வாட்ஸ்அப்பில் வந்த கட்டளையை ஒட்டும்போது மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். ஷெல் அதை மேற்கோளாக எடுக்காது. அழித்துவிட்டு விசைப்பலகையில் நேராக அடியுங்கள்.

முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது

"அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட் அட்ரஸ்" என்பது அந்த வரி. முதலில் எழுத்துப்பிழை பாருங்கள். அப்புறம் பிங் கட்டளையால் 8.8.8.8-ஐத் தொட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், இணைப்பு இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கிறது. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டால் பெரும்பாலும் சரி.

அலுவலகத்திலோ கம்பஸிலோ பாவித்த மடிக்கணினி வீட்டில் மட்டும் இப்படிச் செய்தால் ப்ராக்ஸியை, அதாவது இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் இடைச் சர்வரை, சந்தேகியுங்கள். உலாவி தன் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும், ஆனால் ஷெல்லின் எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி மாறி பழைய சர்வரின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும். --நோ-ப்ராக்ஸி சேர்த்து ஓடினால் கண்டுபிடித்தாயிற்று. 407 வந்தால் அது மறுபக்கம்: ப்ராக்ஸி இருக்கிறது, உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கிறது.

0 என்று முடிந்தது, கோப்பு மட்டும் திறக்கவில்லை

இதுதான் ஆளைக் கூடக் குழப்புவது. முதலில் அளவைப் பாருங்கள். 3 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 14 கேபி இருந்தால் மேலே யோசிக்கத் தேவையில்லை. பிறகு இதை அடியுங்கள்:

ஃபைல் கோப்பின்பெயர்

"எச்டிஎம்எல் டாக்குமென்ட்" என்று சொன்னால், உங்களுக்கு வந்தது ஒரு வலைப்பக்கம். உள்ளே நுழையச் சொல்லும் பக்கமாக இருக்கலாம், தரவிறக்கப் பொத்தான் உள்ள பக்கமாக இருக்கலாம், ஹோட்டல் வைஃபையின் "ஏற்றுக்கொள்கிறேன்" பக்கமாகவும் இருக்கலாம். சர்வர் 200, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லிக் கொடுத்ததால் டபிள்யூகெட்டுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து வாசியுங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும். இந்த ஒரு கோப்பைத் தாராளமாக அழிக்கலாம், அழிக்கத்தான் வேண்டும். இதன் மேல் -சி போட்டால் வலைப்பக்கத்தின் பின்னால் நீங்கள் கேட்ட கோப்பின் மீதி வந்து ஒட்டும்.

வெறும் "டெக்ஸ்ட்" என்று சொல்லி, உள்ளே டபிள்யூகெட்டின் சொந்தச் செய்திகளே இருந்தால், பெரிய ஓ போட வேண்டிய இடத்தில் சிறிய ஓ போட்டுவிட்டீர்கள். சிறிய ஓ செய்திகளை எழுதும் கோப்பு, பெரிய ஓ தரவை எழுதும் கோப்பு. உண்மையான கோப்பு அதன் சொந்தப் பெயரில் பக்கத்திலேயே கிடக்கும்.

அளவும் சரி, வகையும் சரி, ஆனாலும் திறக்கவில்லையா? கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு நீளமான எண்ணைக் கணக்கிடும் ஷா256சம் கட்டளையை ஓட்டி, வெளியிட்டவர்கள் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் தன் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் பிரதி) கோப்புகளோடு அந்தப் பட்டியலையும் அதே இடத்தில் வைக்கிறது. ஒரு எழுத்து வேறுபட்டாலும் அந்தக் கோப்பு வேறு கோப்பு. ஐஎஸ்ஓவை எழுதி, கணினியை அழித்து, நிறுவல் பாதியில் விழுந்த பிறகு ஒப்பிடுவதில் பிரயோசனமில்லை, எழுதும் முன்பே ஒப்பிடுங்கள்.

சான்றிதழை நம்ப மறுக்கிறது

முதலில் உங்கள் கணினியின் திகதியைப் பாருங்கள். உண்மையில் முதலில் அதைத்தான். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தேய்ந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போகும். அந்தத் திகதியில் இன்றைய சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை". திகதியைத் திருத்தினால் பிழை போய்விடும். அந்தப் பேட்டரியை எந்தக் கடிகாரக் கடையிலும் வாங்கலாம்.

திகதி சரி, ஆனால் கணினியின் லினக்ஸ் பல வருடம் புதுப்பிக்கப்படவில்லை என்றால் வேர்ச் சான்றிதழ்கள், அதாவது மற்றச் சான்றிதழ்களைச் சரிபார்க்க கணினி வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்கள், பழசு. 2021 செப்டம்பர் 30-இல் லெட்ஸ் என்கிரிப்ட் தளங்கள் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்காத கணினிகளில் நல்ல தளங்களும் திடீரென்று மறுக்கப்பட்டன. சிஏ-சர்டிஃபிகேட்ஸ் தொகுப்பைப் புதுப்பியுங்கள்.

--நோ-செக்-சர்டிஃபிகேட் போடச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். அது ஓடும், எனக்கும் தெரியும். ஆனால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்காமல் கோப்பை வாங்குகிறீர்கள். அந்தக் கோப்பை நிறுவப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம்.

சரியாக 4 ஜிபியில் விழுகிறது

பென் ட்ரைவுக்கு நேரடியாக இறக்குகிறீர்கள், அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அந்த வடிவில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. 64 ஜிபி பென் ட்ரைவில் 60 ஜிபி காலியாக இருந்தாலும் அதே கதைதான். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ இந்த எல்லையைத் தாண்டியது, அதனால் வகுப்பில் அடிக்கடி இதைப் பார்க்கிறேன். பாதிக் கோப்பை கணினியின் வட்டுக்கு நகர்த்தி, அங்கே நின்று -சி போடுங்கள். பென் ட்ரைவைப் பிறகு எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளலாம்.

இடமே இல்லை என்று வந்தால், எந்த வட்டு நிறைந்திருக்கிறது என்பதை டிஎஃப் -எச் கட்டளை சொல்லும். தேவையில்லாததை நீக்கி இடம் எடுத்துவிட்டு அதே -சி.

403, 404, 429

404 என்றால் அங்கே கோப்பு இல்லை, முகவரியைத் தளத்தில் போய்ப் புதிதாக எடுங்கள். 429 என்றால் அடிக்கடி கேட்கிறீர்கள், கொஞ்ச நேரம் விட்டுப் பிடியுங்கள். 403 கொஞ்சம் சிக்கலானது. உலாவியில் நேற்று எடுத்த இணைப்பு என்றால் அதன் ஆயுள் முடிந்திருக்கலாம், இத்தகைய இணைப்புகளில் காலாவதி நேரமும் சேர்ந்தே இருக்கும். புதிய இணைப்பை எடுத்து, பழைய கோப்பின் பெயரையே -சி-யோடு பெரிய ஓவில் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மெதுவாக இருக்கிறது

பக்கேஜில் சொல்லும் வேகம் மெகாபிட், டபிள்யூகெட் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்துப் பாருங்கள். 10 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 1.2 மெகாபைட் வந்தால் முழு வேகமும் வருகிறது. வீட்டில் வேறு யாராவது ஸூம் வகுப்பில் இருந்தால் --லிமிட்-ரேட்=300கே போட்டு நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

தமிழ்ப் பெயர் சிதைந்து வருகிறது

நம் பிழை இது, வேறு மொழிக்காரரின் கையேட்டில் லேசில் கிடைக்காது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து "தமிழ்" என்று பெயருள்ள கோப்பை இறக்கினால், த, மி, ழ எல்லாம் சரியாக வந்து, புள்ளி இருந்த இடத்தில் மட்டும் கேள்விக்குறிகளும் %8டி என்ற வாலும் நிற்கும்.

எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். டபிள்யூகெட் 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகள் என்று எண்ணி, கோப்புப் பெயரில் வராமல் மாற்றி எழுதும். மூன்றாவது பைட் அந்த எல்லைக்குள் விழும் தமிழ் எழுத்து உடைகிறது, வெளியே விழுவது தப்புகிறது. கசடதபற என்று மனனம் செய்தோமே, அதில் க, ச, ட உடையும், த, ப, ற தப்பும். மெய்யின் புள்ளி உடையும். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் உடையும். இதனால்தான் ஒரே தளத்திலிருந்து வந்த இரண்டு கோப்புகளில் ஒன்று நன்றாகவும் மற்றது அலங்கோலமாகவும் இருக்கிறது. தீர்வு:

டபிள்யூகெட் --ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ்=நோகன்ட்ரோல் "முகவரி"

உள்ளடக்கத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, பெயர் மட்டும்தான் கெட்டது. ஏற்கெனவே இறங்கியதைப் பெயர் மாற்றிக்கொண்டால் போதும். நீளமான நூற்பெயர்களில் இன்னொரு தடை வரும்: லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 85 தமிழ்க் குறியீடுகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். அதைத் தாண்டினால் பெரிய ஓவில் நீங்களே குறுகிய பெயர் கொடுங்கள்.

விண்டோஸில் எந்தத் தெரிவும் ஏற்கவில்லை

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் டபிள்யூகெட் என்று அடித்தால் ஓடுவது டபிள்யூகெட் அல்ல. இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட் என்ற வேறு கட்டளைக்கு அங்கே அது மாற்றுப் பெயர். கர்ல் என்ற பெயருக்கும் அதே கதி. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து உண்மையான கர்ல் உள்ளேயே இருக்கிறது, வாலில் .எக்ஸி சேர்த்து அழையுங்கள்:

கர்ல்.எக்ஸி -எல் -சி - -ஓ "முகவரி"

இதில் எல், சி, ஓ மூன்றும் பெரிய எழுத்து. சி-க்குப் பின்னால் தனியாக நிற்கும் கோட்டை விடாதீர்கள், எங்கிருந்து தொடர்வது என்பதை நீயே கண்டுபிடி என்று சொல்வது அதுதான்.

இவ்வளவும் பார்த்தும் ஓடவில்லை என்றால், தெரிந்தவரிடம் கேட்கும்போது நீங்கள் அடித்த முழுக் கட்டளை, திரையின் கடைசிப் பத்து வரி, எக்கோ தந்த எண், டபிள்யூகெட்டின் பதிப்பு ஆகியவற்றை அனுப்புங்கள். கைபேசியில் எடுத்த மங்கலான படம் வேண்டாம், உரையாகவே ஒட்டுங்கள். -டி போட்டு எடுத்த நீண்ட பதிவைக் கேட்டால், அனுப்பும் முன் "குக்கீ", "ஆத்தரைசேஷன்" என்று தொடங்கும் வரிகளைத் தேடி நீக்குங்கள், உங்கள் கணக்கின் திறப்பு அந்த வரிகளில் இருக்கும். பாதிக் கோப்பை, பதில் வரும்வரை அது கிடக்கும் இடத்திலேயே விட்டுவையுங்கள்.